16 ஜிபி ரேம் போட்டும் 13.9 தான் காட்டுகிறது, மீதி எங்கே?

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தது. ஏஎம்டி ரைசன் பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போன வாரம் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போட்டேன். இப்போது சிஸ்டம் பக்கத்தில் '16.0 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 13.9 ஜிபி' என்று வருகிறது. முன்பு 8க்கு 7.4 காட்டியது. அப்படியானால் புது ஸ்டிக்கால் கூடியது 6.5 ஜிபிதானா? விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிகில் மேக்ஸிமம் மெமரி என்ற பெட்டியில் 16384 என்று போடச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன், எண் கூடவில்லை, டிக்கை எடுத்துவிட்டேன். ஸ்டிக் பழுதா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பிலும் 4 ஜிபிக்கு 3.24 தான் காட்டுகிறது. அதற்கும் காரணம் இதுதானா?

பதில்: ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தால் அது முழுதாக வேலை செய்கிறது. லேப்டாப்பில் குறைகிற 2.1 ஜிபியில் பெரும்பங்கை எடுத்து வைத்திருப்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். டெஸ்க்டாப்பின் விஷயம் வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

சிஸ்டம் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தாலும் அந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகின்றன. '16.0' என்பது பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள், எழுதி வைத்திருக்கும் சரக்குப் பட்டியல்: முதல் ஸ்லாட்டில் 8, இரண்டாவதில் 8, ஆக 16. '13.9' வருவது இன்னொரு பட்டியலிலிருந்து. கணினி ஆன் ஆனதும், விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே, பயாஸ் ரேமைப் பங்கு பிரித்துவிடுகிறது. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை கிராபிக்ஸுக்கு, இந்தத் துண்டு எனக்கு, இது பாதுகாப்புச் சில்லுக்கு, மீதியெல்லாம் உனக்கு என்று ஒரு மெமரி வரைபடத்தை விண்டோஸ் கையில் கொடுக்கிறது. தனக்கு என்று குறித்ததைத்தான் விண்டோஸ் 'பயன்படுத்தக்கூடியது' என்று காட்டும். பங்கு பிரிந்த பிறகு வந்து சேர்கிற ஆள் விண்டோஸ் என்பதால், அதற்குள் உட்கார்ந்து என்ன செய்தாலும் அந்த 2.1 ஜிபி திரும்ப வராது. ரேம் கிளீனர், பூஸ்டர் என்று விற்கப்படும் புரோகிராம்கள் இதில் சுத்தமாகப் பயனில்லாதவை.

ஹார்டு டிஸ்க்கில் 500 ஜிபிக்கு 465 காட்டுகிறதே, அதுபோல என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள்; விண்டோஸ் 1024ஐ மும்முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அங்கே குறைவது அந்த வித்தியாசம். ரேமில் செய்பவரும் விண்டோஸும் ஒரே கணக்குதான், 1024. அதனால் ரேமில் குறையும் ஒவ்வொரு எம்பியையும் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

யார் என்பதை வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 ஜிபி என்பது 16384 எம்பி. அதில் 2048ஐக் கழித்தால் 14336. இன்னும் ஒரு 100 எம்பி பயாஸ் வகையறாவுக்குப் போனால் 14236. அதை 1024ஆல் வகுத்தால் 13.9. முன்பிருந்த 7.4ஐயும் அப்படியே பிரிக்கலாம்: 8192இல் 512ஐக் கழித்து, அதே 100ஐயும் கழித்தால் 7580, அதாவது 7.4 ஜிபி. முன்பு 512 எம்பி எடுத்துக்கொண்டிருந்த கிராபிக்ஸ் இப்போது 2 ஜிபி எடுக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. புது ஸ்டிக்கின் 8 ஜிபியும் முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது, அதிலிருந்து 1.5 ஜிபி கூடுதலாகக் கிராபிக்ஸ் கணக்குக்கு மாறியிருக்கிறது.

ரேம் கூடினால் ஒதுக்கீடும் ஏன் கூட வேண்டும்? பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, பொது ரேமிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதைப் பல லேப்டாப்களில் 'ஆட்டோ' என்று விட்டிருப்பார்கள். மொத்த ரேம் எவ்வளவு என்று பார்த்து பயாஸ் தானே முடிவு செய்யும்: 8 இருந்தால் 512 எம்பி, 16 இருந்தால் 2 ஜிபி என்கிற மாதிரி. இந்தப் படிகள் எல்லா மாடலிலும் ஒன்றல்ல. 8 ஜிபியிலேயே 2 ஜிபியை எடுத்துக்கொண்டு 5.9 காட்டும் லேப்டாப்களும் உண்டு. இன்டெல் பிராசசர்களில் இந்த முன் ஒதுக்கீடு பெரும்பாலும் சில பத்து எம்பிகளோடு நின்றுவிடும். தேவைப்படும்போது டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) மூலம் விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இன்டெல் லேப்டாப்பில் 8க்கு 7.8, 16க்கு 15.8 என்று எண்கள் கௌரவமாகத் தெரிகின்றன.

ஊகத்தோடு விட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். கீழே வலப்பக்கம் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 2 ஆஃப் 2' என்றும், அதற்குக் கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு: 2.1 ஜிபி' என்றும் இருக்கும். அடுத்து அதே பட்டியலில் கடைசியில் இருக்கும் ஜிபியு 0ஐச் சொடுக்குங்கள். அங்கே 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்பதற்கு எதிரே, கோட்டுக்குப் பின்னால் 2.0 ஜிபி என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அங்கே 0.5 என்று இருந்து, ஹார்டுவேர் ரிசர்வ்டு மட்டும் 2.1 என்று நின்றால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

அதே இடத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று இன்னொரு வரி, சுமார் 7 ஜிபி காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'அய்யோ, இன்னும் 7 ஜிபி போச்சே' என்று பதற வேண்டாம். அது ஒதுக்கி வைத்ததல்ல. கிராபிக்ஸுக்கு அவசரம் என்றால் அதிகபட்சம் இவ்வளவு வரை கடன் தரலாம் என்று விண்டோஸ் வைத்திருக்கும் வரம்பு, பயன்படுத்தக்கூடிய ரேமில் பாதி. கிராபிக்ஸ் கேட்காத நேரத்தில் அந்த 7 ஜிபியும் உங்கள் புரோகிராம்களுக்கே.

இனி, அந்த 2 ஜிபியைக் குறைக்கலாமா? உங்கள் பயாஸ் அனுமதித்தால் குறைக்கலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது டெலிட்டை விட்டு விட்டுத் தட்டுங்கள். சில நிறுவனங்களில் எஃப்10, சிலவற்றில் எஸ்கேப். அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் 'யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்றோ, 'வீடியோ மெமரி சைஸ்', 'ஐஜிபியு மெமரி' என்றோ ஒரு வரி இருக்கும். அதில் ஆட்டோவுக்குப் பதிலாக 512எம் என்று வைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். மறுபடி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ரிசர்வ்டு 0.6 ஜிபிக்கு வந்திருக்கும். சிஸ்டம் பக்கம் 15.4 காட்டும்.

பிரவுசர், எக்ஸெல், வீடியோ பார்ப்பது என்ற அளவில்தான் வேலை என்றால் 512 எம்பி தாராளம். பற்றாவிட்டால் ஷேர்டு கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், திரை ஒன்றும் இருண்டுவிடாது. விளையாட்டுகள் ஆடுபவர் என்றால் 2 ஜிபியை அப்படியே விட்டுவிடுங்கள். சில விளையாட்டுகள் திறக்கும்போதே டெடிகேட்டட் எவ்வளவு என்று பார்த்து, 512 என்றால் 'வீடியோ மெமரி போதாது' என்று சொல்லி நின்றுவிடும். என்னைக் கேட்டால், 16 ஜிபி இருக்கும் கணினியில் இந்த 1.5 ஜிபிக்காக மெனக்கெட வேண்டியதில்லை. 8 ஜிபி லேப்டாப்பில் 5.9 காட்டினால் கட்டாயம் மாற்றுங்கள். அங்கே வித்தியாசம் கையில் தெரியும்.

பல லேப்டாப் பயாஸ்களில் அந்த வரியே இருக்காது, தயாரிப்பாளர் மறைத்திருப்பார். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்குப் புதிய பயாஸ் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம், வந்தால் வரும். மறைந்திருக்கும் மெனுவைத் திறக்கிறேன் என்று யாரோ மாற்றி வைத்த பயாஸை மட்டும் ஏற்றாதீர்கள். பாதியில் எதுவும் பிசகினால் லேப்டாப் ஆன் ஆகாது. சில்லைக் கழற்றி வெளியிலிருந்து எழுத வேண்டிவரும். 1.5 ஜிபிக்கு அது கட்டுப்படியாகிற விலை இல்லை.

எம்எஸ்கான்ஃபிக் யோசனைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். மேக்ஸிமம் மெமரி என்பது மெமரியைக் கூட்டும் பெட்டி அல்ல, குறைக்கும் பெட்டி. குறைந்த ரேமில் தங்கள் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக வைத்தது. அதில் 16384 என்று போட்டால் '16 ஜிபி தா' என்று பொருளல்ல. '16 ஜிபி என்ற முகவரிக்கு மேல் இருப்பதைத் தொடாதே' என்று பொருள். இங்கேதான் சூட்சுமம். 4 ஜிபி முகவரிக்குச் சற்றுக் கீழே கிராபிக்ஸ், நெட்வொர்க், யுஎஸ்பி போன்றவற்றுக்காக ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியில் விழ வேண்டிய ரேமை அப்படியே தூக்கி, உச்சிக்கு மேலே கொண்டுபோய் வைத்திருப்பார்கள். இடைவெளி 1 ஜிபி என்றால் 16 ஜிபி ரேமின் உச்சி 17 ஜிபி முகவரியில் இருக்கும். 16இல் கோடு கிழித்தால் அந்த மேல் 1 ஜிபி கணக்கிலேயே வராது. அதனால் சில கணினிகளில் இந்தப் பெட்டியில் சரியான அளவைப் போட்டதாலேயே ரேம் குறைந்துவிடும். நீங்கள் டிக்கை எடுத்தது சரி. ஆனால் எடுத்த பிறகு ஓகே, அப்ளை இரண்டையும் அழுத்தி ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதோ யாரோ டிக் போட்டுவிட்டு மறந்துபோன கணினிகள் ஏராளம். பயன்படுத்தக்கூடியது 4.00, 2.00 என்று சந்தேகப்படும்படி முழு எண்ணில் நின்றால் முதலில் இந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பழுது என்று சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. வித்தியாசம் ஒரு ஸ்டிக் முழுவதுமாக இருந்தால், அதாவது 16க்கு 7.9 அல்லது 5.9 என்று நின்றால், அது ஒதுக்கீடு அல்ல. ஸ்டிக்கில் இருக்கும் சிறு சில்லு 'நான் 8 ஜிபி' என்று சொல்லிவிட்டதால் சரக்குப் பட்டியலில் அது ஏறிவிடும். ஆனால் ரேமைக் கையாளும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் அதோடு பேசிப் பார்த்து, முடியாமல் கைவிட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் முதல் காரணம் ஸ்டிக் முழுதாக உட்காராததுதான். லேப்டாப் ஸ்டிக்கை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில், தங்கநிறப் பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளும் 'க்ளிக்' என்று விழ வேண்டும். பற்கள் ஒரு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் வெளியே தெரிந்தாலும் போதும், பாதி ரேம் காணாமல் போக.

சோதிக்கும் முறை இது. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்டிக்கைத் தொடும் முன் வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள். முதல் ஸ்டிக்கை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்யுங்கள், 8 காட்டுகிறதா? அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக். பிறகு இரண்டாவது ஸ்லாட்டில் இரண்டையும் ஒவ்வொன்றாக. நான்கு முறை ஆன் செய்தால் தெரிந்துவிடும்: தகராறு ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது, ஸ்லாட்டோடு நின்றால் ஸ்லாட் பழுது. ஒரு ஸ்டிக் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப் என்றால் மற்ற ஸ்லாட்டை மட்டும்தான் இப்படிச் சோதிக்க முடியும். ரேமை மாற்றிய பின் முதல்முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்4 வகை ரேமில் ஒரு நிமிடம் வரை, புதிய டிடிஆர்5 வகையில் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அது புது ரேமுக்கேற்ப தன் நேரக்கணக்குகளைச் சரிசெய்துகொள்ளும் வேலை. பொறுமையில்லாமல் நடுவில் பவரை அணைத்துவிட்டு 'ஆன் ஆகவே இல்லை' என்று சொல்வோர் அதிகம்.

டெஸ்க்டாப்பில் இதே பாதி ரேம் தகராறு வந்தால் இன்னும் ஒரு சந்தேக இடம் உண்டு: பிராசசர் உட்காரும் சாக்கெட். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருப்பதால், சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) முழுவதும் செத்துப்போகும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் அப்படி ஆகலாம். புதிதாகப் பிராசசர் அல்லது கூலர் மாற்றிய பிறகு ரேம் பாதியானால் ரேமைக் குறை சொல்லும் முன் அங்கே பாருங்கள்.

இப்போது உங்கள் பழைய டெஸ்க்டாப். 4க்கு 3.24 என்பது கிட்டத்தட்ட ஒரு முத்திரை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள், 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றுதான் இருக்கும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் சரியாக 4 ஜிபி. தெருவில் கதவெண்ணே அவ்வளவுதான். ஆனால் கதவெண் கேட்பது ரேம் மட்டுமல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்களின் அமைப்புப் பகுதிக்கு 256 எம்பி வரை முகவரி வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தன் மெமரியைப் பார்க்கும் ஜன்னலாகப் பெரும்பாலும் இன்னொரு 256 எம்பி கேட்கும். சவுண்டு, நெட்வொர்க், பயாஸ் சில்லு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு துண்டு. இவர்களுக்குக் கொடுத்தது போக ரேமுக்கு மிஞ்சுவது 3.2இலிருந்து 3.5 வரை. ரேம் போர்டில் இருக்கிறது, கதவெண்தான் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலும் இதேதான்: 1 எம்பி முகவரியில் மேல் 384 கேபி வீடியோவுக்கும் ரோமுக்கும் (பயாஸ் இருக்கும் நிலையான மெமரி) போய், புரோகிராம்களுக்கு 640 கேபிதான் மிஞ்சியது.

லேப்டாப்பில் சொன்னது போல உச்சிக்கு மேல் தூக்கி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 1995இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே 36 பிட் முகவரிக்கு வழி வந்துவிட்டது, அது 64 ஜிபி. சர்வர் விண்டோஸ்களில் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியைக் கண்டால் வீட்டுக் கணினி டிரைவர்கள் பல குழம்பி நீலத்திரை வரவழைத்ததால், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் மைக்ரோசாஃப்ட் வீட்டு 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபியோடு வேலி போட்டுவிட்டது. வேலியைத் திறக்கும் பேட்ச் என்று கிடைப்பவை விண்டோஸின் கருவையே மாற்றுபவை, தொடாதீர்கள். சிலர் சொல்லும் '/3ஜிபி' என்ற விண்டோஸ் துவக்க சுவிட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒவ்வொரு புரோகிராமுக்கும் கிடைக்கும் மெய்நிகர் முகவரியைப் பற்றியது.

அதே 'சிஸ்டம் டைப்' வரியில் 'எக்ஸ்64 பேஸ்டு பிராசசர்' என்று இருந்தால் 64 பிட் விண்டோஸ் போடலாம். இருப்பதன் மேல் அப்கிரேடு செய்ய முடியாது. எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பிரிண்டர், ஸ்கேனருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மிகப் பழைய 16 பிட் கணக்குப் புரோகிராம் ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் 64 பிட்டில் அது திறக்கவே திறக்காது. நிறுவிய பிறகும் 3.24இலேயே நின்றால் பயாஸில் 'மெமரி ரீமேப்' என்ற வரி எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள். இன்டெல் 945 போன்ற பழைய சிப்செட் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சில்லுகள்) உள்ள போர்டு என்றால் அந்த வரியும் இருக்காது, 64 பிட் போட்டாலும் எண் நகராது. 4 ஜிபிக்கு மேல் முகவரி எழுத அந்தச் சிப்செட்டுக்கே தெரியாது.

4 ஜிபியோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பேன். 64 பிட் விண்டோஸ் தன் சொந்தத் தேவைக்கே கொஞ்சம் கூடுதலாக ரேம் எடுத்துக்கொள்ளும், மீட்ட 0.7 ஜிபியில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். போர்டு 8 ஜிபியை ஏற்குமா என்று முதலில் அதன் கையேட்டில் பாருங்கள். ஏற்கும் என்றால் ரேமும் 64 பிட்டும் ஒன்றாகப் போடுங்கள். ஏற்காது என்றால் அது இப்போது ஓடுகிறபடியே ஓடட்டும்.